தண்ணீரைப் பிடித்துக்கொண்டு

நங்கூரம் எனக்குப் புரிகிறது. கல்லோ இரும்போ கீழே போய் மண்ணைக் கவ்வுகிறது, கயிறு விறைக்கிறது, படகு நிற்கிறது. அடி எட்டாத ஆழத்தில், படகின் முன்முனையான அணியத்திலிருந்து ஒரு துணிப்பையைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, அந்தப் பையை நம்பி நாலு பேர் சோறு தின்று தலை சாய்க்கலாம் என்பதுதான் கொஞ்ச காலமாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. கடல் நங்கூரம் என்று எழுதுகிறார்கள், இழுவைப்பை என்றும் சொல்லலாம். கூம்பாகத் தைத்த கெட்டித் துணி. அகன்ற வாய், வாயைச் சுற்றி விரிந்து நிற்பதற்கு ஒரு பட்டை, அதிலிருந்து நாலைந்து கயிறுகள் வந்து ஒரே முடிச்சில் சேரும். வால் பக்கம் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அவ்வளவுதான் சாமான். நங்கூரம் மண்ணைப் பிடித்திருக்கிறது. பை பிடித்திருப்பது தண்ணீரை. தண்ணீர் எதைப் பிடித்திருக்கிறது? தானே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிக்கொண்டு எப்படித் தரிப்பது என்ற கேள்விக்குப் பள்ளிக்கூட இயற்பியலே பதில் சொல்லிவிடும். அந்தப் பதில் கிடைத்த பிறகும் மனசு ஒப்பாமல் நிற்கிறது. அத்திப்பட்டில் குடியிருந்துகொண்டு இதை யோசிப்பதாலும் இருக்கலாம். (அத்திப்பட்டு என்றதும் வெளியூர்க்காரர்கள் 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்து காணாமல்போன ஊரா என்பார்கள். அது அத்திப்பட்டி, சினிமா ஊர். எங்கள் ஊர் வரைபடத்தில் பத்திரமாக இருக்கிறது. ஊரைச் சுற்றியிருக்கும் தண்ணீரைப் பற்றி அப்படிச் சத்தியம் செய்ய முடியாது.)

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் அணைந்த ஃபைபர் படகைச் சும்மா விட்டால் அது அலைக்கு விலாவைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். புரளும் படகுகள் பெரும்பாலும் இப்படித்தான் புரள்கின்றன. அணியத்தில் பை இருந்தால், காற்று படகைப் பின்னால் தள்ளத் தள்ள, பை வாயை விரித்து நீரை அடைத்துக்கொண்டு முரண்டுபிடிக்கும். படகின் மூக்கு காற்றுப் பக்கம் திரும்பும். வருகிற அலை மூக்கில் பிளந்து இரண்டு பக்கமும் போகும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வாய் என்று வைத்துக்கொண்டால், படகு நீரில் விநாடிக்கு அரை மீட்டர் வழுக்கும்போது பை கொடுக்கும் பிடி ஏறக்குறைய 13 கிலோ எடை. விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால் 50 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு மீட்டர் என்றால் 200 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரட்டித்தால் பிடி நாலு மடங்கு. அமைதியான கடலில் இந்தப் பை இருப்பதே தெரியாது, கயிறு தொய்ந்து கிடக்கும். காற்று முற்ற முற்றத்தான் அதற்கு உயிர் வரும். கேட்காதபோது வராமல், கேட்ட அளவுக்கே வருகிற உதவி. இதில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

வால் ஓட்டை இன்னும் விசித்திரம். முழுக்க அடைத்துத் தைத்தால்தானே நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும். அடைத்துத் தைத்த பை உள்ளே வாங்கிய நீரை விடுவதற்கு வழியில்லாமல் வாய் ஓரமாகப் பீறிடவிடும், ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம்; பை பித்துப்பிடித்ததுபோல் ஊசலாடும்; கயிறு முறுக்கேறும்; படகின் மூக்கு அதோடு சேர்ந்து ஆடும். கொஞ்சம் தண்ணீரை வால் வழியே ஒழுகவிட்டால் பை நேர்கோட்டில் அடங்கி நிற்கும். கயிற்றின் நீளத்திலும் சூட்சுமம் உண்டு. அலையின் முகட்டில் நீர் அலை போகும் திசையில் நகர்கிறது, பள்ளத்தில் எதிர்த்திசையில் நகர்கிறது. படகு முகட்டிலும் பை பள்ளத்திலும் இருந்தால் இரண்டும் எதிரெதிரே இழுபட்டுக் கயிறு சுண்டும். தொடர்ந்து சுண்டிச் சுண்டியே அணியத்துக் கட்டையைப் பிடுங்கிவிடும். ஆகவே படகு ஒரு முகட்டில் ஏறும்போது பையும் ஒரு முகட்டில் ஏறும்படி கயிறு விடவேண்டும். ஆறு விநாடிக்கு ஓர் அலை வருகிற ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் சுமார் 56 மீட்டர். எட்டு விநாடி என்றால் 100 மீட்டர். கடலின் மூச்சை எண்ணித்தான் கயிற்றை அளக்கவேண்டும், படகின் நீளத்தைப் பார்த்து அல்ல. பையைத் திரும்ப எடுப்பதற்கு வாலில் ஒரு மெல்லிய கயிறு தனியாக இருக்கும். வாய்ப்பக்கக் கயிற்றை இழுத்தால் நூற்றுக்கணக்கான கிலோ தண்ணீரையும் சேர்த்து இழுக்கவேண்டும். வால் கயிற்றை இழுத்தால் பை குப்புறக் கவிழ்ந்து, வாங்கியதையெல்லாம் கொட்டிவிட்டு, கந்தல்போல் கைக்கு வந்துவிடும்.

காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டியவர். இப்போது மகன் போகிறான், இவர் கரையில் வலை பார்க்கிறார். புதுநகர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில், அனல்மின் நிலையச் சாம்பல் லாரிகள் போகிற சத்தத்தில் நான் பேசியது பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டுவிட்டுச் சொன்னார்: "பையப் போட்டா படகு நிக்கும்னு உனுக்கு யார் சொன்னது தம்பி? அது வெள்ளத்தோட போவும். காத்தோட போவாது. அவ்ளோதான்." வெள்ளம் என்று அவர் சொன்னது நீரோட்டத்தை. நான் ஒரு பக்கம் எழுதியிருக்கக்கூடியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிறகு, இதற்கென்று தனியாகப் பை எதற்கு, வலை இருக்கிறதே என்றார். வஞ்சிர வலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வலையை இறக்குகிறார்கள். ஒரு முனையில் விளக்கு கட்டிய மிதப்பு. மறுமுனை படகின் அணியத்தில். எஞ்சின் நின்றுவிடும். ராத்திரி முழுக்க வலை வெள்ளத்தோடு போகும், படகு வலையோடு போகும். வலை வெள்ளத்தை எதிர்க்கக்கூடாது, எதிர்த்தால் சுருண்டுவிடும். காற்று படகைத் தள்ளுகிற தள்ளில்தான் வலை தொய்யாமல் விறைப்பாக நிற்கும். அதாவது படகை வலை பிடித்திருக்கிறது, வலையைப் படகு பிடித்திருக்கிறது. இரண்டையும் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறது. எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் தவிக்கிறவர்களும் கையில் இருக்கிற வலையைத்தான் மூட்டையாகக் கட்டி அணியத்திலிருந்து இறக்குகிறார்கள். தனியாகத் தைத்த பை யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். பார் மேல் தூண்டில் போடுகிறவனுக்கு வேண்டுமானால் அது உதவும் என்றார் யோசித்து. பாறை அடித்தளத்தின் மேல் படகு சரசரவென்று ஓடிவிட்டால் இரை மீன் கண்ணில் படுவதற்குள் கடந்துவிடும். மெதுவாகக் கடந்தால் தூண்டிலுக்கு வேலை. நன்னீர் ஏரிகளில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பையைப் போடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

கட்டுமரத்துக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை என்பதை அவர் சொல்லித்தான் யோசித்தேன். கட்டுமரம் பாதி உடம்பு நீருக்குள் கிடக்கும். அலை மேலேறி வந்தாலும் கட்டைகளுக்கு நடுவே வடிந்துபோகும். காற்றுக்குப் பிடித்துத் தள்ள அதில் என்ன இருக்கிறது, உட்கார்ந்திருப்பவனின் நெஞ்சைத் தவிர? பாயை இறக்கிவிட்டால் அது ஏற்கெனவே தண்ணீரின் ஒரு துண்டுதான். ஃபைபர் படகு வேறு ஜாதி. வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 1979இல் சென்னையில் அலுவலகம் போட்டு, அலையடிக்கும் மணற்கரையில் ஏறி இறங்கக்கூடிய படகுகளை வடிவமைத்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஃபைபர் படகுகள் வந்து கரையெல்லாம் நிறைந்தன. வேகம் வந்தது, ஐஸ் பெட்டிக்கு இடம் வந்தது, முழங்கால் நனையாமல் உட்கார முடிந்தது. படகு நீரைவிட்டு மேலே எழுந்த அந்த ஒன்றரை முழத்தில் காற்றுக்கு ஒரு கைப்பிடி கிடைத்துவிட்டது. எழுந்த உடம்பை மறுபடியும் நீரோடு கட்டிவைக்கத்தான் பை. முன்னேற்றம் எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டுகிறோம் என்று சொன்னால் கொஞ்சம் அலங்காரமாக இருக்கிறது. கட்டுமரத்தில் போய்க் கை கால் விறைத்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் இந்த யோசனையை முழுக்கக் கைவிட மனம் வரவில்லை.

இந்தப் பையைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் சிறு படகுப் பாய்மரக்காரர்களின் எழுத்து. ஜான் வாஸ் என்ற மாலுமி 1901இல் கனடாவின் விக்டோரியாவிலிருந்து 'டிலிக்கம்' என்ற படகில் கிளம்பினார். செவ்விந்தியர்கள் ஒரே தேவதாரு மரத்தில் குடைந்த ஓடம் அது, பாய்மரம் கட்டி மாற்றியிருந்தார். 1904இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். வழியில் புயல் வந்தபோதெல்லாம் பாயை இறக்கி, அணியத்தில் கித்தான் பையைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டதாக எழுதுகிறார். பையின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் மிகைதான் என்று பிற்காலத்தில் சண்டை போட்டவர்களும் உண்டு. 1916இல் துருவப் பயணி ஷாக்கிள்டன் உட்பட ஆறு பேர் தென் கடலில் 'ஜேம்ஸ் கேர்டு' படகில் போனபோதும் பை போட்டார்கள். உறைபனி கட்டிய கயிறு அறுந்து பை போய்விட்டது. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் புயல் வந்து 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு, டொனால்டு ஜோர்டன் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் ஒரே பெரிய பைக்குப் பதிலாக நீண்ட கயிற்றில் நூற்றுக்கு மேற்பட்ட சின்னச் சின்னக் கூம்புகளைக் கட்டிப் பின்பக்கமாக விடும் முறையை உருவாக்கினார். அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதைச் சோதித்துப் பார்த்தது. இன்றைக்குக் கப்பலில் இருக்கும் உயிர்காப்பு மிதவை ஒவ்வொன்றிலும் இரண்டு பைகள் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. ஒன்று மிதவையோடு கட்டியே இருக்கும், ஒன்று உபரி. படிக்கப் படிக்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. படித்துவிட்டு எண்ணூர்ப் பக்கம் போய்க் கடலைப் பார்த்தால் அந்த எழுத்தெல்லாம் ஒரே ஒரு சலுகையின் மேல் நிற்பது தெரிகிறது. அவர்களுக்குக் கடல் காலியாக இருந்தது. காற்று தள்ளுகிற பக்கம் நூறு மைலுக்கு ஒன்றுமே இல்லை. மெதுவாக மிதந்துபோவதற்கு இடம் இருந்தால்தான் மெதுவாக மிதப்பது பாதுகாப்பு. பை வாங்கித் தருவது நேரம்தான். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒதுங்க இடமில்லாதவனுக்கு அது என்ன செய்யும்?

இங்கே எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து வடக்கே பார்த்தால் காமராஜர் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர். 2001இல், எண்ணூர்த் துறைமுகம் என்ற பெயரில், ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து வரும் நிலக்கரியை அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கு இறக்குவதற்காகத் திறந்தார்கள். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். சுவர்களுக்கு வெளியே, முறைக்காகக் காத்துக்கொண்டு கப்பல்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் டன் கணக்கான இரும்பால் அடிமண்ணைப் பிடித்துக்கொண்டு. நம் கரையோர வெள்ளம் பொதுவாக பிப்ரவரி தொடங்கி மே வரை வடக்கே ஓடுகிறது, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே. மாசி பங்குனியில் வலை விட்டு எஞ்சினை அணைத்தவன் வடக்கே போகிறான், அதாவது நிற்கிற கப்பல்களை நோக்கி, கப்பல் வழியை நோக்கி, சுவரை நோக்கி. கப்பல் தரையில் நிற்கிறது, இவன் தண்ணீரில் நிற்கிறான். இரண்டு பேரும் நிற்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். இதில் யார் விலகவேண்டும் என்பதற்குச் சட்டம் ஏதாவது இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு, வலையை அறுத்துவிடலாமா வாங்கிக்கொண்டு ஓடலாமா என்று விளக்கைப் பார்த்து முடிவெடுக்கிறவனுக்கு அந்தச் சட்டம் எந்த அளவுக்குத் துணை என்று எனக்குத் தெரியவில்லை. காற்றுக்கு எதிராகப் பை உதவும். வெள்ளத்துக்கு எதிராக அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளத்தின் ஆள் அது.

என் மனசு ஒப்பாமல் நின்றது எதனால் என்பது எனக்கே பிடிபட்டது, சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் இன்னொரு விஷயத்தை யோசித்தபோதுதான். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கொட்டிய எண்ணெய் தெற்கே நகர்ந்து எர்ணாவூர், மெரினா, திருவான்மியூர் என்று கரை கரையாக ஒதுங்கியது. எர்ணாவூரில் பாறைகளுக்கு இடையில் தேங்கியதை வாளியால் அள்ளியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நீர்மேல் எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளம் போகிற போக்கு, அதோடு காற்று வேகத்தில் ஏறக்குறைய நூற்றில் மூன்று பங்கு. எண்ணெய்க்கு நீருக்கு மேலே உடம்பு கிடையாது, காற்றால் அதிகம் தள்ள முடியாது. பை போட்ட படகின் கணக்கும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பை இல்லாத படகைக் காற்று இன்னொரு தண்ணீருக்குக் கொண்டுபோய்விடும். பை போட்ட படகு தன்னைச் சுற்றியிருக்கும் தண்ணீரைவிட்டு லேசில் போகாது. பை எவ்வளவுக்கெவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கவ்வளவு படகும் எண்ணெயும் சேர்ந்து பயணம் செய்யும். பை படகை எந்த இடத்தோடும் கட்டுவதில்லை. ஒரு குறிப்பிட்ட தண்ணீரோடு கட்டுகிறது. அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அதற்குக் கவலையில்லை. புத்தகங்களில் அந்தத் தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்கிறது, அலைதான் பெரிதாக இருக்கிறது. எங்களுக்கு அலை பரவாயில்லை.

ஆற்றுக்குள் வந்தால் எல்லாம் தலைகீழ். கொசஸ்தலை கடலைத் தொடுகிற இந்த முகத்துவாரத்தில் பாடு முறை இருக்கிறது: இன்ன ஊர், இன்ன நாள், இன்ன இடம் என்று முறைவைத்து இறால் வலை கட்டுவது. இன்னும் வடக்கே பழவேற்காட்டிலும் பாடு உண்டு, அங்கே சீட்டுப் போட்டு இடத்தைப் பிரித்துக்கொள்வதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இங்கே வலை நிற்கும், தண்ணீர்தான் வந்து போகும். கழியை அடிமண்ணில் ஊன்றி, ஏற்றவற்றத்துக்கு எதிரே வாயைக் காட்டி வலையைக் கட்டிவிட்டால், ஓடுகிற தண்ணீர் தானாக இறாலைக் கொண்டுவந்து சேர்க்கும். இருளர்கள் இன்னும் ஒரு படி கீழே போகிறார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பனையோலைப் பறியில் போடுவார்கள். கழி ஊன்றுகிறவனும் சரி, சேற்றைத் தடவுகிறவரும் சரி, அடிமண்ணை நம்பி நிற்பவர்கள். தண்ணீர் போனால் போகட்டும், இடம் நம்முடையது. இந்த ஏற்பாட்டில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மின் நிலையத்தின் சூடான தண்ணீர் இதே ஆற்றில்தான் வந்து விழுகிறது, காலை வைத்தால் தெரியும். சாம்பல் குழம்பு கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகி ஒழுகி அடிமண்ணின் மேலேயே ஒரு வெளிர் படலம் ஏறிக்கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி வந்தபோது ஆற்றில் கட்டியிருந்த படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் கறுப்பாகப் பட்டை போட்டது. கடலில் இருந்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும். இங்கே ஊன்றிய கழியில்தான் அது ஒட்டிக்கொண்டது. ஊன்றி நிற்பதும் காப்பாற்றவில்லை, மிதந்துபோவதும் காப்பாற்றவில்லை என்று இரண்டையும் தராசில் வைத்துச் சமன் செய்ய நான் தயாரில்லை. ஊன்றியிருந்தவர்களால் குறைந்தது இது எங்கள் இடம், இங்கே வந்து பாருங்கள் என்று அதிகாரிகளைக் கூப்பிட முடிந்தது. பை போட்டு மிதக்கிறவன் எந்த இடத்தைக் காட்டிக் கூப்பிடுவான்?

கூப்பிடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. காணாமல்போன படகைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பை ஒரு கேள்வியாகவே இருக்கிறது. கடலோரக் காவல்படையின் சென்னை மீட்பு மையம் போன்ற இடங்களில், கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து படகு இத்தனை மணி நேரத்தில் எங்கே போயிருக்கும் என்று வெள்ளத்தையும் காற்றையும் வைத்துக் கணிக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இதற்கென்று ஒரு கணினி முறையே வைத்திருக்கிறது. தேடுதல் அட்டவணைகளில் உயிர்காப்பு மிதவை என்று ஒரே வரியாக இருக்காது; பை போட்ட மிதவைக்கு ஒரு கணக்கு, பை போடாத மிதவைக்கு வேறு கணக்கு. காற்றில் சிக்கியவன் ஒரு மணி நேரத்தில் போகிற தூரமும் பையைப் போட்டவன் போகிற தூரமும் வெவ்வேறு. ஒரு ராத்திரி போனால் தேடவேண்டிய கடலே வெவ்வேறு. ஆகவே கரையில் இருக்கிறவர்களிடம் கேட்கவேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, படகில் பை இருந்ததா? போட்டிருப்பார்களா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து கன்னியாகுமரிக் கரையோர ஊர்கள் அத்தனையும் மணலில் வந்து நின்றபோது அதிகாரிகளுக்கும் ஊருக்கும் இடையே எவ்வளவு வாக்குவாதம், எங்கே தேடுவது, எவ்வளவு தூரம் போவது என்று. எங்கள் ஆட்கள் எப்படி மிதப்பார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும், எங்களையும் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சாக எழுதியவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது சுத்தமான தொழில்நுட்பப் பேச்சாகத்தான் படுகிறது.

மீஞ்சூர் சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை ஒன்றில் கடைசியில் ஒரு பையைத் தைக்கக் கொடுத்தேன். எழுதிக்கொண்டே இருப்பதைவிட ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது மேல் என்று தோன்றியது. நீலத் தார்ப்பாயில் எட்டு துண்டு வெட்டி, மடிப்பு மேல் மடிப்பாக இரட்டைத் தையல் போட்டு, வாயில் லாரிப் பட்டையை வைத்துத் தைத்தார். பித்தளை வளையம் அடிக்கச் சுத்தியலை எடுத்தவர் வாலைப் பார்த்துவிட்டு, "அடியில ஓட்டை விட்டா அப்புறம் எதுக்கு சார் பை?" என்றார். பதில் சொன்னேன். நம்பவில்லை, என் காசு என்பதால் ஓட்டையை விட்டார், அதுவும் நான் சொன்ன அளவில் பாதி. காட்டுக்குப்பத்துப் பெரியவரின் மகன் அதைக் கொண்டுபோய் முகத்துவாரத்துக்கு வெளியே போட்டுப் பார்த்தான். அணியம் திரும்பியதாம், காற்றைப் பார்த்து நன்றாகவே நின்றதாம். ஆனால் பை ஆடுகிறது, கயிறு முறுக்குகிறது. ஓட்டை போதவில்லை என்று நான் சொல்வதற்கு முன்பே பெரியவர் கத்தியை எடுத்து வாலை இரண்டு விரல் அளவுக்கு அறுத்துவிட்டிருந்தார். வஞ்சிர வலைக்குப் போகும்போது இதை ஏற்றமாட்டார்களாம், அதுதான் வலை இருக்கிறதே, ஐஸ் பெட்டி வைக்கிற இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தூண்டில்காரன் ஒருத்தன் கேட்கிறான், அவனுக்கு இன்னொன்று தைத்துக்கொடு, ஆனால் நீலம் வேண்டாம், தண்ணீரில் கிடந்தால் பக்கத்துப் படகுக்காரன் கண்ணுக்குத் தெரியாமல் கயிற்றை எஞ்சினில் சுற்றிக்கொள்வான் என்றார். கடைக்காரரிடம் கேட்டதில் மஞ்சள் இருக்கிறதாம், கனம் குறைவு, இரண்டு மடிப்பாகத் தைத்தால் கூலியும் இரண்டு மடங்கு ஆகுமாம். ஓட்டை எவ்வளவு என்று இந்தத் தடவை அந்தப் பெரியவரே நேரில் வந்து சொல்லட்டும் என்கிறார்.